தந்தி மாஸ்டர் மகள்

டிக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு க்ர்ர்ர் என்று நீளமாக ஒரு இழுப்பு, அதன் வாலில் டிக், டிக், நின்றுவிட்டது. ஆக்னேஸ் பின்னல் ஊசிகளை மடியில் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். சத்தம் அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு அடியிலிருந்துதான் வந்தது, கீழ்வீட்டுச் சீனாப் பல் டாக்டர் வீட்டிலிருந்து. விளக்கு வைத்து அரை மணிகூட ஆகவில்லை, இன்றைக்கு முன்னதாகவே ஆரம்பித்துவிட்டான். போன மாதம்வரை அவளுக்கும் அவர் 'அவர்'தான். டாக்டர் லியாவ் வந்தார், டாக்டர் லியாவ் சொன்னார் என்றுதான் அவளும் பேசினாள். எல்லையில் சீனா சண்டையை ஆரம்பித்தது என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கோ அதற்கு மறுநாளோ, அவளறியாமலே 'ன்' வந்து ஒட்டிக்கொண்டது. டிக், டிக். தூளியில் ரோஸ்லின் காலை உதைத்தது. எட்டு மாதக் குழந்தைக்குச் சண்டையாவது சீனாவாவது. ஆனால் பால் புகட்டும்போது தாயின் பயம் பாலில் இறங்கும் என்று ஆஸ்பத்திரி மதர் சொன்னாரே. அப்படியானால் இந்த ஒரு மாதமாக அவள் புகட்டியது என்ன? புருஷன் சவரிராயன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரண்டாம் ஷிப்ட், பத்து மணிக்கு முன்னால் வரமாட்டார். வீட்டில் அவளும் குழந்தையும் மாமனாரும். கதவுக்கு முட்டாக அம்மிக்குழவி. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. ஆனால் மழை பிடித்தால் மரம் ஊதி, தாழ்ப்பாள் நிலைத் துளைக்கு நேராக வராது. அதற்காகத்தான் குழவி. குழவியை உருட்டி வைத்துவிட்டால் ஒரு ஆள் தள்ளினாலும் திறக்காது என்று சவரிராயன் சொல்கிறார். பத்துப் பேர் தள்ளினால்?

டிக். தந்தியில் ஒரு டிக் என்றால் இங்கிலீஷ் 'ஈ'. அப்பா திண்டுக்கல் தந்தி ஆபீஸில் இருந்தபோது மேஜைக்கடியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவளுக்கும் இரண்டு மூன்று எழுத்து வரும். சாப்பிடும்போதுகூட அப்பாவின் விரல் தட்டு விளிம்பில் கட்டுக் கடகட என்று தட்டிக்கொண்டிருக்கும், அம்மா சிரிப்பாள், "சோத்துக்கும் தந்தியா?" இந்தச் சத்தம் அப்படி இருக்கிறதா? முதல் நாள் அப்படித்தான் இருந்தது. கேட்கக் கேட்க ஒரு எழுத்து இருப்பது போலவும் அடுத்தது குழம்புவது போலவும் இருந்தது. குழம்பத்தானே செய்யும், சீனத்தில் அடித்தால். நினைத்தவுடன் முதுகில் ஈரத்துணி பட்டது போலிருந்தது. எட்டாம் வகுப்பில் மதர் பெனிஞ்ஞா தேசப்படத்தைக் கம்பால் தட்டி, வடக்கே பழுப்பு மலை, இது தேவன் நமக்குக் கட்டித்தந்த மதில் என்பார். மதிலையே ஏறிக் குதித்துவிட்டார்கள். மதில் ஏறிக் குதிக்கிறவனுக்கு மாடிப்படி எம்மாத்திரம்? போம்டிலா விழுந்துவிட்டதாம், மலைக்குக் கீழே அஸ்ஸாமில் தேஜ்பூரைக் காலி செய்கிறார்களாம். அங்கேயும் ஒருத்தி இருப்பாள், தூளியை அவிழ்த்துச் சுருட்டுவாள், அடுப்பில் இருக்கும் பாலை என்ன செய்வாள்? கொட்டுவாளா, குடிப்பாளா, அப்படியே விட்டுவிட்டு ஓடுவாளா? இந்தப் பால் விஷயம் நேற்றிலிருந்து ஆக்னேஸை அரித்தது. சேனை, பீரங்கி எல்லாம் மனதில் நிற்கவில்லை. பொங்கி வழிந்து அடுப்பில் கருகும் அந்தப் பால்தான் நின்றது. மாமனார் ஞானப்பிரகாசம் பிரம்பு நாற்காலியில் பன்னைக் காப்பியில் ஊறவைத்து ஈறுகளால் கூழாக்கிக்கொண்டிருந்தார். ரேடியோவைப் பார்த்து, "விடக் கூடாதும்மா, ஒருத்தனையும் விடக் கூடாது, மண்ணை மிதிச்ச காலை ஒடிக்கணும்," என்றார். பன் ஒழுகியது, துடைத்துக்கொண்டார். மோதிரத்தைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தவர். கோயில் வாசலில் எல்லாரும் பார்க்கக் கழற்றினார், விரல் வீங்கியிருந்ததால் சோப்புப் போட வேண்டியிருந்தது.

ஊசியை எடுத்தாள். ஒரு நேர், ஒரு மாற்று. பச்சைக் கம்பளி விரலைக் கீறியது. இந்தக் கை எவ்வளவு நீளம் வந்திருக்கிறது என்று தூக்கிப் பார்த்தால் தரையைத் தொட்டது. முழங்கைக்குப் பிறகு எண்ணிக்கை விட்டுப்போய் நாள்கணக்காகப் பின்னிக்கொண்டே போயிருக்கிறாள். "எந்த ஜவானுக்குடி ஆக்னேஸ் இது? மலைக்குரங்குக்கா?" என்று போன வியாழக்கிழமை கான்வென்ட் பார்லரில் பரிமளம் தங்கையா கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். பழைய மாணவிகள் பதினைந்து பேர், வட்டமாக நாற்காலி, நடுவில் கம்பளிக் கூடை, ஜவான்களுக்கு ஸ்வெட்டர். பரிமளத்தின் புருஷன் பெரிய வக்கீல். இன்னொருத்தியின் தம்பி ராணுவத்திலேயே இருக்கிறான், அவள் வாயைத் திறந்தால் ஊசிகள் நின்றுவிடும். ஆக்னேஸிடம் என்ன இருந்தது? புருஷன் பிட்டர், வாடகை மாடி, குரங்குக் கை ஸ்வெட்டர். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அவள் சொன்னாள். ஏன் சொன்னாள்? அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாவிட்டால் சொல்லியிருப்பாளா? "எங்க கீழ்வீட்டுல ராத்திரியானா ஒரு சத்தம் கேட்குது." யாரும் திரும்பவில்லை. "தந்தி அடிக்கிற மாதிரி." பதினைந்து பேரின் ஊசிகளும் நின்றன. "நெசமாவா? உனக்கெப்படித் தெரியும்?" "எங்கப்பா தந்தி மாஸ்டர். எனக்குத் தெரியாதா?" அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. உளவு என்றாளா? ஒயர்லெஸ் என்றாளா? அதெல்லாம் பரிமளம் சொன்னது: "பல்லுப் புடுங்குறவனுக்கு ராத்திரி என்னடி வேலை?" நாற்காலியை இழுத்து ஆக்னேஸின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள், அவளுடைய புடவையில் லாவெண்டர் வாசனை. "குழந்தையை வெச்சிக்கிட்டு எப்படித்தான் அங்க இருக்கியோ, பாவம்." அன்றைக்கு வீட்டுக்கு நடக்கையில் எவ்வளவு லேசாக இருந்தது.

பொய்ச்சாட்சி சொல்லாதே, எட்டாம் கற்பனை. பொய் எங்கே வந்தது? சத்தம் கேட்டது, கேட்டதைச் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது, சாமி, நான் ஒரு சத்தம் கேட்டேன்? அதற்கு எந்தச் சாமி என்ன பரிகாரம் கொடுப்பார்? ஆனால் வெள்ளிக்கிழமை டாக்டரின் பெயர்ப் பலகையில் தார் அடித்திருந்தது. சனிக்கிழமை ஜன்னலில் கல். ஞாயிற்றுக்கிழமை பூசையில் லியாவ் குடும்பம் முட்டிபோட்ட வரிசையில் வேறு யாரும் முட்டிபோடவில்லை, ஆக்னேஸும்தான். அவர் பிறந்தது நாகப்பட்டினம். அவர் மனைவி தெரேஸ் மதுரைக்காரி, மீன் கழுவும்போது "கருமம், கருமம்" என்று முனகும் பெண். அந்த வாயா சீனத்தில் தந்தி கொடுக்கும்? கொடுக்காது என்று எப்படிச் சொல்வது? முகம் அவர்கள் முகம்தானே. நேற்று இரண்டு போலீஸ்காரர்கள் வந்து ஒரு மணி நேரம் கீழே குடைந்தார்கள். படியில் நின்று அவளும் கேட்டாள். பல் செட்டுக்காக மாவில் வார்த்த தாடை அச்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்களாம். "இந்தச் சக்கரம் எதுக்கு?" "பல் செட்டு மெருகு போட." "யாரோட பல்லு?" டாக்டர் இழுப்பறையை மூடும் சத்தம் கேட்டது. "ஏன்யா, இந்த ஊர்ல இப்ப உங்கிட்ட எவன் பல்லு கட்டிக்கிறான்?" "பேர் சொல்ல மாட்டேங்க. வாக்குக் குடுத்திருக்கேன்." ஆள் பேர் சொல்லாத மெருகை எப்படி நம்புவது என்று அவளுக்குத் தோன்றியது. போலீஸ்காரர்கள் ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். போகும்போது எதிரே சைக்கிள் கடை துரைராஜ், வீதி முழுக்கக் கேட்க, "ஒண்ணுமில்லன்னா என்ன அர்த்தம்? நல்லா ஒளிச்சி வெச்சிருக்கான்னு அர்த்தம். நாளைக்கு ரேடியோ நியூஸ் முடியட்டும், நாம பாத்துக்குவோம்," என்றான். சவரிராயன் ராத்திரி அதைக் கேட்டுவிட்டு, "நீ வாயையே திறக்காதே ஆக்னேஸ். ரயில்வே உத்தியோகம். ஒரு பெட்டிஷன் போட்டான்னா போதும்," என்றார். அவருக்குத் தெரியாது, அவள் வாயைத் திறந்து முடித்தாயிற்று என்று. நாளைக்கு என்றால் இன்றைக்கு. ரேடியோ நியூஸ் இப்போதுதான் முடிந்தது.

க்ர்ர்ர். டிக், டிக், டிக். இன்றைக்கு ஓயவே இல்லை. வாசலில் ஆள் சேரப்போகிறது என்று தெரிந்தும் இப்படி அடிக்கிறான் என்றால் என்ன நெஞ்சழுத்தம்! "கேக்குதா மாமா? அந்தச் சத்தம்? ஒரு வாரமா ராத்திரியானா இதேதான்." ஞானப்பிரகாசம் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அவள் பார்த்தறியாத ஒரு வெட்கம் வந்தது, பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு வருவது மாதிரி. "அதுவா? அது என் பல்லும்மா." "என்ன?" "என் பல் செட்டு. மேல் வரிசை போன வாரமே முடிஞ்சிது, கீழ் வரிசைக்கு மெருகு போடுறான். கால்ல மிதிக்கிற சக்கரம், தையல் மிஷின் கணக்கா. பட்டையில ஒரு ஒட்டு இருக்கு, அது சக்கரத்துல ஏறும்போது டிக்குங்குது. நான் போய்ப் பாத்தேனே." நிறுத்தித் தெருப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் சொன்னேன். ராத்திரியில செய், கதவைச் சாத்திக்கிட்டுச் செய், எவன் கேட்டாலும் என் பேரைச் சொல்லாதேன்னு. மோதிரம் குடுத்த மனுசன் சீனாக்காரன்கிட்ட பல்லு கட்டினான்னு தெரிஞ்சா கோயில்ல தலை காட்ட முடியுமா? உன் புருசனுக்கும் தெரியாது, நீயும் சொல்லிடாதே. கிறிஸ்மஸ் வருதும்மா. நாலு வருசமா கறியை முழுங்கிட்டிருக்கேன், மென்னதில்லை." "மாமா, நேத்துப் போலீஸ் வந்து கேட்டப்போ..." "ஆமா, சொல்லலைல்ல? நல்ல மனுசன். வாக்குன்னா வாக்கு." "தெருவுல எல்லாரும் தந்தி மிஷின்னு சொல்றாங்க மாமா." "எவளோ ஒரு கூறுகெட்டவ கிளப்பிவிட்டிருக்கா," என்று சொல்லிவிட்டு மிச்சப் பன்னைக் காப்பியில் முக்கினார்.

கூறுகெட்டவள் தூளியை ஆட்டினாள். தூளி நின்றபிறகும் கை ஆட்டிக்கொண்டிருந்தது. பல். கிழவரின் பல். அவளுக்கு எழுத்தாகக் கேட்டதெல்லாம் பட்டையில் இருந்த ஒட்டு. நடுநடுவே நின்றதெல்லாம், டாக்டர் பல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த நேரம். அப்பா கேட்டிருந்தால் ஒரே நொடியில் சொல்லியிருப்பார், இது தந்தியில்லை பாப்பா, தந்திக்கு ஒரு மூச்சு உண்டு, இதற்கு இல்லை என்று. தந்தி மாஸ்டர் மகள்! இப்போது என்ன, சுலபந்தானே, ஜன்னலைத் திறந்து, துரைராஜ், அது எங்க மாமாவோட பல்லு என்று ஒரு வார்த்தை. சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கலைந்து போவார்கள். போவார்களா? ஏன்மா நீங்களா சீனாக்காரனுக்கு வேலை குடுக்குறீங்க, சவரிராயன் ரயில்வேதானே, என்று ஒருத்தன் கேட்டால்? அப்போ தந்தின்னு கான்வென்ட்ல சொன்னது யாருன்னு பரிமளம் வீட்டு வேலைக்காரி சொல்லியிருந்தால்? மாமாவே போய்ச் சொல்லட்டும், அவருடைய பல். "மாமா, நீங்க ஒரு வார்த்தை கீழ போய்..." "நானா?" கிழவர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். "வருவானுங்க, நாலு கத்து கத்துவானுங்க, போயிடுவானுங்க. ஆக்னேஸு, அந்த ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வை." கூட்டி வைத்தாள். ஏதோ கச்சேரி. கச்சேரிக்குள்ளும் டிக் கேட்டது. நிறுத்து, டாக்டர், நிறுத்துங்க, நாளைக்குச் செய்யக் கூடாதா? கிழவருக்கு என்ன அவசரம், கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கிடக்கிறதே. நாளை என்று ஒன்று இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் இன்றைக்கு முன்னதாக ஆரம்பித்திருக்கிறார். இது புரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது, அவர்மேல்தான் வந்தது, இப்படி ஒரு ஒழுங்கு எதற்கு, திட்டிவிட்டு ஓடிப்போயிருந்தால் இவளுக்கு எவ்வளவு நிம்மதி. போன வாரம் திங்கட்கிழமையும் அப்படித்தான், இந்தக் கதவுத் தாழ்ப்பாளுக்காக அவரையே கூப்பிட்டாள். தச்சன் வரவில்லை, அவரிடம்தான் சின்ன அரம் இருந்தது. நிலைத் துளையைப் பல் ராவுகிற மாதிரி ராவி, ஊதி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டார். "திடீர்னு என்னம்மா பயம்?" "சீனா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டார். "அம்மாம்பெரிய பட்டாளம் வந்தா இந்தத் தாழ்ப்பாளா தாங்கும்? திருடனுக்கு வேணா தாங்கும்." கூடவே அவர் மகள் மார்கரெட், ஒன்றாம் வகுப்பு, முன்பல் விழுந்த பொக்கை வாய், தூளிக்குள் தலையை விட்டு, "பாப்பாவுக்கும் பல்லு இல்ல, எனக்கும் பல்லு இல்ல, தாத்தாவுக்கும் பல்லு இல்ல," என்று பாட்டாகவே பாடியது. அன்றைக்குத்தான் கடைசி. பிறகு அது படியேறி வந்தபோதெல்லாம் ஆக்னேஸ், பாப்பா தூங்குது என்றாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்கவே இல்லை. சவரிராயன் வந்து கதவைத் தட்டினால் குழந்தை விழிக்கும், குழவி என்றால் எந்தப் பக்கம் நெம்ப வேண்டும் என்று தெரிந்தவர், தோளால் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். பழக்கம்.

தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். சைக்கிள் கடையின் தகரக் கதவு இறங்கும் சத்தம். விளக்குக் கம்பத்தடியில் ஏழெட்டுத் தலைகள், பிறகு எண்ண முடியவில்லை. ஜன்னல் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகம். பால்காரர் மகன், கோயிலில் மணி அடிக்கிறவர், அவளுக்குப் பேறுகாலத்தில் குதிரை வண்டி பிடித்துக்கொண்டு வந்த துரைராஜ். அந்த ராத்திரி அவன் எவ்வளவு பதமாகக் கைகொடுத்து ஏற்றினான். அதே கையில் இப்போது சைக்கிள் பம்பு. "டேய் டாக்டரு! எங்களுக்கும் ஒரு தந்தி அடிடா, பீக்கிங்கு சொகமான்னு கேளு!" ஒரே சிரிப்பு. டிக், டிக், க்ர்ர்ர், டிக். பிறகு நின்றது. அவள் காத்திருந்தாள். இல்லை, இது பல்லைத் தூக்கிப் பார்க்கிற இடைவெளி இல்லை. ஒரு வாரமாக ஒழியாதா என்று காத்திருந்த சத்தம் ஒழிந்ததும் வீடு செவிடானது போலிருந்தது. அந்தச் செவிட்டுக்குள் பின்பக்கப் படியில் காலடி வந்தது. இரண்டு ஜோடிக் காலடி, ஒன்று ரொம்பச் சின்னது. கதவில் விரல் முட்டி. "அக்கா." ஆக்னேஸ் கதவருகே போனாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. "அக்கா, நான்தான் தெரேஸ். அவரு முன்வாசல்ல நின்னு பேசிட்டிருக்காரு. எங்களுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். மார்கரெட் மட்டும் இன்னிக்கு ஒரு ராத்திரி உங்க வீட்ல படுத்துக்கட்டும்க்கா. சத்தமே போட மாட்டா. சொல்லிக் கூட்டியாந்திருக்கேன்." பலகைக்கு அந்தப் பக்கம், அவள் இடுப்பு உயரத்தில், மூக்கடைத்த ஒரு குழந்தை மூச்சு விட்டது. ஆக்னேஸ் வாயைத் திறந்தாள். வா என்பது ஒரு எழுத்து. அப்பாவானால் எவ்வளவு சீக்கிரம் அடித்து அனுப்பியிருப்பார். குழவியை நகர்த்தினால் சத்தம் வரும். கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். மாடியிலே யாரு, மாடியிலே ஒளிச்சிருக்கான் என்பார்கள். பத்துப் பேர் தோள் கொடுப்பார்கள், தூளி, ரோஸ்லின், அடுப்பில் பால். மாமனார் நாற்காலியிலிருந்து கையைக் கையை ஆட்டினார், வேண்டாம், வேண்டாம். வாய் திறந்தபடியே இருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"சரிக்கா," என்றது வெளிக்குரல். வருத்தமாகக்கூட இல்லை, கடையில் சாமான் இல்லை என்றால் சொல்வோமே, அப்படி. எனாமல் கிண்ணம் ஒன்று வாசற்படியில் உட்காரும் ஒலி. "தாத்தாவோடது. ரெண்டு வரிசையும் இருக்கு. ராத்திரி தண்ணில போட்டு வைக்கணும், மறந்தா வளைஞ்சிரும். மொதல் ரெண்டு நாள் ஈறு வலிக்கும், உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொல்லுங்க." சின்னக் குரல் ஏதோ கேட்டது. "பாப்பா தூங்குதாம்," என்றாள் தெரேஸ். காலடிகள் இறங்கின. ஆக்னேஸ் எண்ணினாள், பதினாறு படி. பதினாறும் ஆனபிறகு குழவியை ஒரு கையால், ஒரு பிஞ்சைப் போல, சத்தமின்றி உருட்டினாள். இவ்வளவு சுலபமாக நகருமா அது? கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் விட்டு, கிண்ணத்தை உள்ளே எடுத்தாள். தண்ணீருக்குள் பற்கள், பவள நிற ஈறுகளோடு, ஒரு பிசிறு இல்லாமல், பளபளவென்று. "வந்திடுச்சா?" என்று மாமனார் எழுந்தே விட்டார். கீழே, "சக்கரத்தைத் தூக்குங்கடா வெளிய!" என்றான் துரைராஜ். கனமான இரும்பு ஒன்று கல் தரையில் விழுந்தது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. ரோஸ்லின் இல்லை, ரோஸ்லின் தூங்குகிறது. ஆக்னேஸ் கதவைச் சாத்தித் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை மழைக்காலமும் முரண்டு பிடித்த தாழ்ப்பாளை முழு பலத்தோடு தள்ளினாள். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. எண்ணெய் விட்ட தாழ்ப்பாள், ராவிய துளைக்குள் தானாகவே வழுக்கிப் போய் விழுந்தது. டிக்.